எந்தக் கையால் சாப்பிடுகிறார்?

எல்லையோர கிராமங்களில் பக்கவாத நோயாளியின் கணக்கு வேறு, ஆஸ்பத்திரியின் கணக்கு வேறு

பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. நிர்வாகம் பிரிந்தது, வைத்தியம் பிரியவில்லை. ஒருவர் கை கால் இழுத்துச் சாய்ந்தால், திருவனந்தபுரத்துக்குக் கார் பிடிக்கச் சொல்பவரும், குமரி மாவட்டத்து வர்ம ஆசானிடம் தூக்கிப் போகச் சொல்பவரும் ஒரே குடும்பத்தில் இருப்பார்கள். இந்த வாக்குவாதம் ஆபத்தானது. ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதியானால், அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தைலம் காத்திருக்கும். மூளை காத்திருக்காது.

உயிர் தப்பிய பிறகு வருவது இன்னொரு சிக்கல். நோயாளி எவ்வளவு தேறியிருக்கிறார் என்பதை அளக்க உலகெங்கும் பயன்படுவது, 1965-ல் அமெரிக்காவில் வெளியான பார்தெல் அளவுகோல். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது என 10 செயல்கள். மொத்தம் 100 மதிப்பெண். பிறர் உதவியின்றிச் சாப்பிட்டால் 10. எந்தக் கையால் என்று அது கேட்பதில்லை. இடது கையில் ஸ்பூன் பிடித்தாலும் முழு மதிப்பெண்தான். ஆனால் வலது கையால் சோறு பிசைந்தே பழகியவருக்கு அது பந்தியில் உட்காரக் கூசும் நிலை. கல்யாண வீடு, அடியந்திர வீடு எதற்கும் போகாமல் முடங்கிவிடுகிறவர் அளவுகோலின்படி தேறியவர். தரையில் சம்மணமிட்டு எழுவதற்கும் அதில் இடமில்லை.

நெய்யாற்றின்கரை தாலுகாவிலுள்ள பாலராமபுரத்தின் குழித்தறியை எடுத்துக்கொள்ளுங்கள். நெசவாளர் குழிக்குள் காலை இறக்கி மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். மேலே கை நாடாவை ஓட்ட வேண்டும். பக்கவாதம் வந்த நெசவாளர் கைத்தடியோடு தனியே நடந்தால் நடைக்கு முழு மதிப்பெண். அவருடைய கவலையோ குழிக்குள் இறங்க முடியுமா என்பது. பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் முதலில் விசாரிக்க வேண்டியதும் இதைத்தான்.

வீட்டில் இருக்கும் தடை பாசம். மகளோ மருமகளோ உருண்டை பிடித்து ஊட்டுகிறார்கள். அப்பாவைத் தானே சாப்பிட விட்டால் ஊர் என்ன சொல்லும்? விளைவு: தளர்ந்த கைக்கு வேலையே கிடைப்பதில்லை. விரல்கள் மடங்கி இறுகுகின்றன. கேரளத்தில் உள்ளாட்சிகள் வழியாக வீடு தேடி வரும் பாலியேட்டிவ் நர்ஸ்தான் இதை நேரில் பார்ப்பவர். ஊட்டுகிற கையைச் சற்று நிறுத்தச் சொல்லவும் அவரால்தான் முடியும்.