இரும்பு எவ்வளவு சூடு வாங்கும்?



‘தன் வெப்ப ஏற்புத்திறன்’ என்ற பேரைக் கேட்டாலே நம்மில் பலருக்குத் தலை சுத்தும். ஆனால் விஷயம் ரொம்ப எளிது. ஒரு கிராம் பொருளை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க எத்தனை ஜூல் வெப்பம் வேண்டும்? அந்த எண்தான் அது. தண்ணீருக்கு 4.2. இரும்புக்கு சுமார் 0.45 என்று அட்டவணை சொல்கிறது. நம் ஆய்வகத்தில் நான் அளந்தபோது கிடைத்தது 0.43. அது எப்படி வந்தது என்று பார்ப்போம்.

தேவையானவை: 250 கிராம் இரும்பு போல்ட் ஒன்று, 50 கிராம் செம்புக் கலோரிமீட்டர், 150 கிராம் தண்ணீர், வெப்பநிலைமானி, தராசு, நூல், அடுப்பு.

செய்முறை: போல்ட்டை நூலில் கட்டி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் தொங்க விட்டேன். இப்போது அதன் வெப்பநிலை 100 டிகிரி. கலோரிமீட்டரில் இருந்த தண்ணீர் 30 டிகிரி. போல்ட்டைத் தூக்கி, ஒரு உதறு உதறி, சட்டென்று அதில் இறக்கிக் கலக்கினேன். பாதரசம் ஏறி 40 டிகிரியில் நின்றது.

கணக்கு: சூடான பொருள் இழந்த வெப்பம் = குளிர்ந்த பொருள் பெற்ற வெப்பம்.
தண்ணீர் பெற்றது: 150 × 4.2 × 10 = 6300 ஜூல்
கலோரிமீட்டர் பெற்றது: 50 × 0.39 × 10 = 195 ஜூல்
மொத்தம் 6495 ஜூல். இதைக் கொடுத்தது 250 கிராம் இரும்பு. அது 60 டிகிரி இறங்கியிருக்கிறது.
6495 ÷ (250 × 60) = 0.43

மீதி 0.02 எங்கே போச்சு?

ஒன்று, போல்ட்டைத் தூக்கி இறக்குவதற்குள் காற்று கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அதனால் விடை குறையும். இரண்டு, வெப்பநிலைமானி. 40-க்குப் பதில் 40.5 என்று படித்தால் விடை 0.46 ஆகிவிடும்! அரை டிகிரிக்கு இவ்வளவு பலம். காரணம், தண்ணீர் ஏறியதே 10 டிகிரிதான். போல்ட் முழுகும் அளவுக்கு 100 கிராம் தண்ணீர் மட்டும் எடுத்தால் சுமார் 14 டிகிரி ஏறும். அதே அரை டிகிரி அப்போது அவ்வளவு ஆட்டம் காட்டாது.

சில பேர் அட்டவணையில் 0.45-ஐப் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரெக்கார்டு நோட்டை முடிப்பது உண்டு. மார்க் கிடைக்கலாம். ஆனால் தண்ணீரைக் குறைக்கணும் என்ற யோசனை அவர்களுக்கு வராது. அதைச் சொல்லிக் கொடுத்தது அந்த 0.43தான்.

நம்ம சிப்காட்டில்...

கும்மிடிப்பூண்டி உருட்டாலைகளில் இரும்பைச் சுமார் 1100 டிகிரி வரை சூடாக்கித்தான் கம்பியாக இழுக்கிறார்கள். 0.45-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு கிலோவுக்கு சுமார் 480 கிலோஜூல் வரும். ஆனால் உண்மையில் அதைவிட அதிகம் தேவை. ஏன்னா, சூடு ஏற ஏற இரும்பின் தன் வெப்ப ஏற்புத்திறனும் கூடுகிறது. அட்டவணை எண் நம் போல்ட்டுக்குப் பொருந்தும், உலைக்குப் பொருந்தாது! அங்கேயும் யாரோ அளந்துதான் ஆகணும்.

டி.எம்.டி. கம்பியின் ரகசியமும் இந்த வெப்பம்தான். செக்கச் செவேலென்று வரும் கம்பி மேல் தண்ணீரைப் பாய்ச்சினால் மேல்தோல் மட்டும் சட்டென்று குளிர்ந்து கடினமாகும். உள்ளே தேங்கிய வெப்பம் மெல்ல வெளியே வந்து அந்தத் தோலைப் பதப்படுத்தும். தண்ணீர் அளவு தவறினால் கம்பியின் தரம் கெடும். நம் வீட்டுக் கூரையைத் தாங்குவது அந்தக் கம்பிதானே!

உங்களுக்குத் தெரியுமா?
1819-ல் டூலாங், பெட்டி என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள், தன் வெப்ப ஏற்புத்திறனை அணு நிறையால் பெருக்கினால் பல உலோகங்களுக்கு ஏறக்குறைய ஒரே எண் வருவதைக் கண்டார்கள். நம் அலகில் அது சுமார் 25. என் 0.43-ஐ இரும்பின் அணு நிறை 56-ஆல் பெருக்கினேன்: 24.1!

சிந்திக்க: அலுமினியத்துக்கு 0.9. அதே எடை, அதே 100 டிகிரி, அதே தண்ணீர். இரும்பா, அலுமினியமா, எது தண்ணீரை அதிகம் சூடாக்கும்? அட்டவணையைப் பார்க்காதீங்க. அளந்து பார்த்துட்டு, வந்த எண்ணை வந்தபடியே எழுதுங்க!