முத்துக் கோத்தாற்போல் மூலக்கூறு

முத்துக்குளிப்புக்கென 1905ஆம் ஆண்டில் பாசறை எழுந்த ஊர் மறிச்சுக்கட்டி. துளையிட்ட முத்தை நூலிற் கோத்து இரு முனையிலும் முடிச்சிட்டால் அது கழலாது என்பதை நாம் அறிவோம். அவ்வாறே வேதியியலறிஞர், அச்சுப்போன்ற மூலக்கூறொன்றில் வளைய மூலக்கூறைக் கோத்து, முனைகளைப் பருமனாக்கி அடைத்துள்ளனர். இஃது உரோட்டக்சேன் எனப்படும். இத்தகைய பிணைப்புகளுக்கு 1983இல் வழிகாட்டிய சோவாஜ், 2016இல் நொபெல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர்.

வளையத்துக்கும் அச்சுக்கும் இடையேயுள்ள குழியில், அளவும் மின்னேற்றமும் பொருந்திய அயனே இறுகத் தங்கும். தங்கியதும் மூலக்கூறின் ஒளிர்வு மாறும். அம்மாற்றமே அயனைக் காட்டிக்கொடுக்கும். ஒக்ஸ்போட்டில் போல் பியர் குழுவினர் குளோரைட்டு முதலியவற்றை இவ்வழியே கண்டறிந்தனர்.

கடலோரக் கிணற்றின் உவர்ப்பை நம் நாவே சொல்லும். பல்லைக் கறைப்படுத்தும் புளோரைட்டோ, உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைக் கடந்தாலும், நாவுக்குப் புலப்படாது. உரோட்டக்சேன் கருவி நம் கிணற்றடிக்கு வரும்வரை, நீரை ஆய்வுகூடத்திற் சோதித்தே பருகுவோமாக.