எரிந்ததும் எழுதப்படாததும்

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒற்றைப் பிரதியாக இருந்தவை போனது போனதுதான். ஞாபகத்தை ஒரே கட்டிடத்தில் குவித்து வைப்பது அதிகாரத்துக்கு வசதி.

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ மின்நூலகம் இதற்கு நேர்மாறான காரியம் செய்கிறது. நூல், சஞ்சிகை, பத்திரிகை, நினைவு மலர் என்று சகலத்தையும் படியெடுத்துப் பொதுவில் வைக்கிறது. பிரதி பெருகப் பெருக எரிப்பது கஷ்டம்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அச்சேறியதைத்தானே ஸ்கேன் பண்ண முடியும்? அச்சுப் பக்கமே அண்டவிடப்படாத தலித்துகள், தோட்டத் தொழிலாளர்கள், பெண்கள் — இவங்க ஞாபகம் எரிந்த அலமாரிகளில் எவ்வளவு இருந்தது? வாய்மொழி வரலாறுகளையும் இந்த நூலகம் பதிவு செய்வது முக்கியமாவது இங்கேதான். குமணன்சாவடியில் ஊர் வரலாறு எழுத உட்காருகிறவர்களும் முதலில் சேரிக் கிழவியிடம் போய்க் கேட்கட்டும்.