வித்தையும் பிரியமும்

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வெற்றி தருவது வித்தையா, மக்களின் பிரியமா என்று நேயர்கள் பலர் வினவுவதுண்டு. 2007ஆம் ஆண்டு நடைபெற்ற மூன்றாவது 'இந்தியன் ஐடல்' போட்டியை நோக்குவோம். நடுவர்கள் கருத்துரைத்தனர், இறுதி முடிவைத் தந்தவை நேயர்களின் தொலைபேசி வாக்குகளும் குறுஞ்செய்திகளுமே. ஒருவரே பன்முறை வாக்களிக்கலாம். ஆதலின் எண்ணிக்கை, இசை நுட்பத்தைக் காட்டிலும் பற்றின் வேகத்தையே அளந்தது. டார்ஜிலிங்கின் பிரசாந்த் தமாங் வென்றார். ஷில்லாங்கின் அமித் பால் இரண்டாமிடம் பெற்றார்.

பால், வங்காளிக் குடும்பத்தவர். வங்காளிகளுக்கும் பழங்குடியினருக்கும் இடையே பூசல் கண்ட அந்நகரில், காசி இனப் பழங்குடி மக்களும் அவரைத் தம் பிள்ளையென்றே கொண்டாடினர். மேகாலய அரசு அவரை நல்லிணக்கத் தூதராக்கியது.

பிரியம் வித்தைக்கு அளவுகோல் ஆகாது. ஆயினும், அயலார் செவியைக் கவர்ந்த குரல் அவர்தம் நெஞ்சிலும் இடம் தேடித் தரும் என்பது, வேற்று மாநிலத்தில் வாழும் நமக்குச் சிறு செய்தியன்று.