மலையகமும் மன அமைதியும்

உள்ளத்தமைதி ஓய்வுடையோர்க்கே உரியது என்னும் எண்ணம் பொருத்தமன்று. பாளி மொழியிலமைந்த சதிபட்டான சூத்திரம், அமர்தலில் மட்டுமன்றி நடத்தல், நிற்றல், கிடத்தல் ஆகிய நிலைகளிலும் விழிப்புணர்வு பயிலலாம் எனக் கூறுகின்றது. செருமனியிற் பிறந்து, கண்டியில் நெடுங்காலம் வாழ்ந்து, 1994இல் மறைந்த ஞானபோனிக்க தேரர் இந்நெறியை மேலைநாட்டார்க்கு விளக்கினார். மூச்சை நெறிப்படுத்தும் முறையைத் திருமூலரும் விரித்துரைத்துள்ளார்.

எனவே, அட்டன், நுவரெலியாத் தோட்டங்களிற் கொழுந்து பறிப்போரும் இதனைப் பயிலலாம். கொழுந்து நிறுத்தபின், கூடைக்கயிற்றின் பாரத்தால் இறுகிய கழுத்தையும் தோளையும் மெல்ல அசைத்து, அடி நிலத்திற் படுவதையும் மூச்சு வந்து போவதையும் கவனித்தவாறு சிறிது நடத்தலே போதுமானது.

எனினும், லயத்து நெருக்கடியும் கூலிக் குறைவும் தியானத்தால் தீர்வனவல்ல. உளப்பயிற்சி உரிமைக்கு ஈடாகாது என்பதை நாம் வலியுறுத்துகின்றோம்.