பாளையும் படப்பெட்டியும்

திருவனந்தபுரத்துத் தென்னந்தோப்புகளில் படப்பெட்டியுடன் திரியும் நண்பர்கள், கள் இறக்குபவரைக் கண்டதும் வானத்தை ஒட்டிய அவர் உருவத்தையே எடுக்கிறார்கள். அழகுதான், ஆனால் தொழில் அதிலில்லை.

விரியாத பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவினால்தான் சாறு சுரக்கும். தட்டு மிகுந்தால் பாளை கெடும், குறைந்தால் ஊறாது. அந்தக் கையை எடுங்கள், அவர் இசைவு பெற்று! இனித்து விழும் சாறு சில மணியில் தானே நுரைத்துக் கள்ளாகும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீராகவே நிற்கும்.

களியக்காவிளைக்கு அப்பால், தமிழகத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இப்பால் உரிமக் கடைகள் உண்டு. ஆயினும் இங்கும் மரமேற இளைஞர் முன்வருவது அரிதாகிறது. ஆகவே தட்டும் கருவி எலும்பா, மரமா என்பதையும் கேட்டுப் படத்தின் பின்புறம் எழுதிவையுங்கள்.