வார ஓய்வுக்கு மறுநாள் வரும் நெஞ்சிறுக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கரிசல் பருத்திக் காடுகளை அடுத்து அமைந்த இராஜபாளையம், பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலந்தொட்டு நூற்பாலைகளை நம்பி வளர்ந்த நகரம். அருகிலுள்ள சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் ஆண்களும் பெண்களும் மில் ஷிப்ட்டுக்குச் சென்று வருகின்றனர். இருமல், இளைப்பு என்று இந்த வட்டாரத்தில் மருத்துவரைத் தேடி வருவோரில், பஞ்சுத் தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்தவர்களும் இருப்பது இயல்பே. ஆயினும் அந்தத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய், நம் நாட்டில் பெரும்பாலும் ஆஸ்துமா என்றோ நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி என்றோ பெயர் சூட்டப்பட்டுக் கடந்து போகிறது. மருத்துவமனைப் பதிவேடுகளில் அது அரிய நோயாகத் தோன்றுவதற்குப் பெருங்காரணம், அதைக் கண்டறிவதற்குரிய கேள்வி கேட்கப்படாமையே ஆகும்.

இந்நோயின் தனி அடையாளம் அது வரும் நாளில் இருக்கிறது. வார ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில், ஷிப்ட் தொடங்கிச் சில மணி நேரம் கழிந்ததும் நெஞ்சில் இறுக்கமும் மூச்சு வாங்கலும் தோன்றுகின்றன. மறுநாள் அதே தூசியில் நின்றாலும் தொல்லை தணிந்துவிடுகிறது. லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளரை 1950களில் ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர், இந்த ஒழுங்கை வைத்தே நோயைப் படிநிலைகளாக வகுத்தார்: முதலில் வாரத்தின் முதல் நாளில் எப்போதாவது வரும் இறுக்கம், பின்னர் ஒவ்வொரு முதல் நாளும் வருவது, அதன்பின் மற்ற வேலை நாள்களுக்கும் பரவுவது, இறுதியில் வேலையை விட்டாலும் நீங்காத மூச்சடைப்பு. தொழிற்கூடப் பொருள்களால் வரும் வழக்கமான ஆஸ்துமா வாரம் செல்லச் செல்லக் கூடுவதே பெரும்பான்மை; பிசினோசிஸோ தொடக்க நிலையில் வாரம் செல்லச் செல்லக் குறைகிறது. லங்காஷயரில் எல்லோருக்கும் திங்கட்கிழமையே முதல் நாளாக இருந்தமையால் அங்கு இது திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று அழைக்கப்பட்டது. வாரம் ஏழு நாளும் ஓடும் நம் ஆலைகளிலோ ஓய்வு நாள் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எனவே, திங்கட்கிழமை எப்படி இருக்கிறது என்று நூலில் படித்தபடி கேட்கும் மருத்துவருக்குச் சரியான விடை கிடைக்காது, “லீவு முடிஞ்சு போற அன்னைக்கு நெஞ்சு இறுக்குதா?” என்று கேட்பவருக்குக் கிடைக்கும்.

தூய பஞ்சிழை இதற்குப் பெரிதும் பொறுப்பன்று. பேல்களில் வந்திறங்கும் பஞ்சோடு காய்ந்த இலைத் துணுக்குகளும், காயைச் சூழ்ந்திருந்த புல்லிதழ்களின் நொறுங்கல்களும் கலந்திருக்கின்றன. அவற்றின்மேல் வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்களின் புறச்சுவரில் எண்டோடாக்சின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. அமெரிக்காவில் ராபர்ட் காஸ்டெல்லனும் அவருடைய குழுவினரும் தன்னார்வலர்களைப் பஞ்சுத் தூசிக்கு உட்படுத்தி ஆராய்ந்து 1987இல் வெளியிட்ட முடிவின்படி, மூச்சுத்திறன் குறைந்த அளவு தூசியின் எடையைவிட அதிலிருந்த எண்டோடாக்சினின் அளவையே ஒட்டி அமைந்தது. பேல் பிரித்துப் பஞ்சை உதறும் ப்ளோ ரூமிலும், இழைகளைச் சீவி நேராக்கும் கார்டிங் பிரிவிலும் நோய் மிகுதியாகக் காணப்படுவதற்கும், நூல் உருவாகிக் கோன் சுற்றும் இடத்துக்கு வரும்போது குறைவதற்கும் காரணம், இந்தத் துணுக்குகள் கலந்த தூசி தொடக்கப் பிரிவுகளிலேயே மிகுதியாக எழுவதுதான். ஆகவே, மில் வேலை என்று மட்டும் சீட்டில் குறிப்பது போதாது. எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு என்பதும் சேர வேண்டும்.

பொதுவான நோய்களை முதலில் கருதுவது மருத்துவத்தின் நல்ல மரபுதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். பீடிப் பழக்கமும் விறகடுப்புப் புகையும் தரும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயும், ஈசினோபீலியாவும் நம் பகுதியில் பரவலானவை. இடர்ப்பாடு அதன்பின் தொடங்குகிறது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை, எக்ஸ்ரேயும் சரியாக இருக்கிறது என்றவுடன் ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வருவது எளிது. பிசினோசிஸோ எக்ஸ்ரேயில் தனக்கென்று எந்த அடையாளத்தையும் காட்டுவதில்லை. இன்ஹேலரால் ஓரளவு ஆறுதல் கிடைப்பதும் ஆஸ்துமா என்ற எண்ணத்தையே வலுப்படுத்துகிறது. புகை பிடிக்காத, இளவயதில் வீசிங் வந்திராத ஒரு பெண் தொழிலாளிக்கு, மில்லில் சேர்ந்து பத்து ஆண்டுக்குப் பின் ஆஸ்துமா என்று எழுதும் முன், அந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றிக் கேட்பது மருத்துவரின் கடமை.

ஐயத்தை உறுதிசெய்யப் பெரிய கருவிகள் தேவையில்லை. மூச்சை முழுதாக உள்ளிழுத்து வேகமாக ஊதும்போது முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவை ஸ்பைரோமீட்டர் காட்டுகிறது. வார ஓய்வுக்கு மறுநாள், ஷிப்ட்டுக்கு முன்னும் பின்னும் இந்த அளவை எடுத்து ஒப்பிட வேண்டும். 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆலை வாசலுக்கு ஸ்பைரோமீட்டரைக் கொண்டுபோக முடியாத நிலையில், கையடக்கமான பீக் ஃப்ளோ மீட்டரை நோயாளியிடமே கொடுத்து, வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் நாளொன்றுக்கு நான்கு முறை ஊதிக் குறித்துவரச் செய்யலாம். சில வாரங்களில் அந்தத் தாளே பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும்.

மருத்துவம் என்ற அளவில் சொல்வதற்கு அதிகமில்லை: மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர்கள், புகையிலையை அறவே விடுதல், தூசியிலிருந்து விலகுதல். மூன்றாவதே முதன்மையானது, கடினமானதும் அதுவே. ஷாங்காயில் 1981இல் 447 பஞ்சாலைத் தொழிலாளரையும் ஒப்பீட்டுக்காக 472 பட்டாலைத் தொழிலாளரையும் கொண்டு தொடங்கிப் பல்லாண்டு நீடித்த ஆய்வு, பஞ்சாலையில் இருந்தோரின் மூச்சுத்திறன் விரைவாகச் சரிந்ததையும், வேலையிலிருந்து விலகியபின் அந்தச் சரிவு தணிந்ததையும் காட்டியது. கூலி போய்விடும் என்ற அச்சத்தில் நோயை மறைக்கும் தொழிலாளியிடம் வேலையை விடு என்று சொல்வது அறிவுரை ஆகாது. தூசி குறைந்த பிரிவுக்கு, அதே ஊதியத்தில் மாற்றித் தருமாறு மருத்துவர் எழுதிக் கொடுப்பதே பயன் தரும். வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. தூசி எழும் எந்திரத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றுவதும், எந்திரங்களைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல் உறிஞ்சு கருவியால் சுத்தம் செய்வதும்தான் உண்மையான தடுப்பு முறைகள். நூல் உற்பத்திப் பிரிவுகளில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி இருக்கலாகாது என்று அமெரிக்கா 1978இல் விதித்தபின், அங்கு நோய் பெருமளவு குறைந்தது.

இந்தியச் சட்டமும் வாய்மூடி இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பிசினோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்து, அதைக் கண்டறியும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது; ஈ.எஸ்.ஐ. காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இது இழப்பீட்டுக்குரிய தொழில்நோயும் ஆகும். ஆனால் சீட்டில் ஆஸ்துமா என்று எழுதப்பட்டுவிட்டால் இந்த உரிமைகளில் எதுவும் தொழிலாளியை எட்டுவதில்லை. பஞ்சாலையில் வேலை செய்தவர்கள், செய்துகொண்டிருப்பவர்கள், அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அவர் கேட்காவிட்டாலும், எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு நின்றார்கள் என்பதையும், ஓய்வு முடிந்து போகும் முதல் நாளில் நெஞ்சு எப்படி இருக்கிறது என்பதையும் தாமே சொல்லி, அதைச் சீட்டில் எழுதித் தருமாறு கேட்டுப் பெற வேண்டும்.